தாமதம் யாருடையது?

மருத்துவத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். கத்தி பிடித்தவரின் பெயர் நூல்களில் நிலைபெற்றுவிடுகின்றது. கத்திக்குக் கீழே கிடந்தவரின் பெயரை யாரும் கேட்பதில்லை. மார்பகப் புற்றுநோயின் வரலாறும் பெரிதும் இவ்வாறே எழுதப்பட்டுள்ளது. ஆயினும் அவ்வரலாற்றைக் கூர்ந்து நோக்கும்போது ஒரு கேள்வி நூறாண்டுகளுக்கு மேலாகத் திரும்பத் திரும்ப ஒலிப்பதை நாம் கேட்கின்றோம். நோய் முற்றிய பின்னர் ஒரு பெண் வைத்தியசாலைக்கு வருகிறாள். "ஏன் இவ்வளவு நாளும் வராமல் இருந்தாய்?" என்று அவளிடம் கேட்கின்றனர். அவளிடம் கேட்பது முறைதானா, அன்றி வேறு யாரிடமாவது கேட்கவேண்டிய கேள்வியா இது என்பதையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

நோய் பழமையானது. கிறித்துவுக்கு முன் ஏறத்தாழ 1600ஆம் ஆண்டளவில் எகிப்தில் படியெடுக்கப்பட்ட பப்பிரசு ஏடு ஒன்று, இன்று எட்வின் சிமித் ஏடு என்று வழங்குகின்றது. காயங்களுக்கும் எலும்பு முறிவுகளுக்கும் பரிகாரம் கூறிச் செல்லும் அதன் ஆசிரியர், மார்பில் திரண்டெழும் கட்டிகளைப் பற்றிப் பேசும் இடத்தில் சிகிச்சை இல்லை என்று கையை விரித்துவிடுகிறார். பின்வந்த கிரேக்க, உரோம மருத்துவர் கரும்பித்தத்தின் மேல் பழியைப் போட்டனர். அக்கொள்கை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பாவை ஆண்டது. 1700ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவரான பெர்னார்டினோ இரமசீனி தொழிலாளரைப் பீடிக்கும் நோய்கள் பற்றி நூலொன்று வெளியிட்டார். சுரங்கத்தில் இறங்குவோர், குயவர் எனப் பல தொழிலாளரையும் தேடிச் சென்று நோயைக் கண்ட பெருமகன் அவர். கன்னியர் மடங்களில் வாழும் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் ஏனைய பெண்களிலும் அதிகமாகக் காணப்படுவதாக அவர் எழுதினார். அவர் கூறிய காரணம் இன்று ஏற்கத்தக்கதன்று. எனினும் நோயை உடலுக்குள்ளே மாத்திரம் தேடாமல் மனிதர் வாழும் முறையிலும் தேடலாம் என்னும் எண்ணம் இங்கு முளைவிடுவதைக் காண்கின்றோம்.

நோயாளியின் குரலை நாம் முதன்முதலிற் தெளிவாகக் கேட்பது ஓர் எழுத்தாளரின் கடிதத்திலாகும். ஆங்கில நாவலாசிரியையான பான்னி பேர்னி, பிரெஞ்சுப் படையதிகாரி ஒருவரை மணந்து பாரிசில் வாழ்ந்துவந்தார். 1811 செப்டெம்பர் 30ஆம் நாள் அவருடைய வலது மார்பகம் அகற்றப்பட்டது. அகற்றியவர் நெப்போலியனின் படை மருத்துவரான லாரே. போர்க்களத்திலே கைகால்களை வெட்டியெடுப்பதிற் பெயர்பெற்றவர் அவர். மயக்க மருந்து அன்று இல்லை. ஈதரைக் கொண்டு வலியின்றிச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்பது பொதுமக்கள் முன் மெய்ப்பிக்கப்பட்டது 1846இலேதான். சிகிச்சை நடைபெறும் நாள் பேர்னிக்கு முன்கூட்டி அறிவிக்கப்படவில்லை. அன்று காலையிலேதான் செய்தி வந்தது. கறுப்பு உடை தரித்த ஏழு ஆடவர் அறைக்குள் நுழைந்தனர். முகத்தின்மேல் இட்ட மெல்லிய துணியினூடாகக் கத்தியின் பளபளப்பை அவர் கண்டார். இவை யாவற்றையும் பல மாதங்கள் கழித்துத் தம் சகோதரிக்கு அவர் எழுதினார். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும் துணிவு தமக்கு வரவில்லை என்பதையும் மறைக்கவில்லை. அவர் 1840 வரை வாழ்ந்தார். அந்தக் கட்டி புற்றுநோய்தானா என்று பின்வந்தோர் ஐயுறுவதற்கு இந்த நெடிய வாழ்வே காரணம். நமக்கு முக்கியமானது வேறு: தன் உடலுக்கு எது எப்போது நிகழப்போகிறது என்பதை அறியும் உரிமை, புகழ்பெற்ற ஓர் எழுத்தாளருக்குக்கூட அன்று இருக்கவில்லை.

மயக்க மருந்தும் கிருமி ஒழிப்பும் வந்தபின் சத்திரசிகிச்சையாளரின் கை துணிவு பெற்றது. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த வில்லியம் ஹால்ஸ்டெட் 1894இல் ஐம்பது நோயாளர் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். மார்பகத்தோடு அதன் கீழுள்ள மார்புத் தசைகளையும் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் ஒருசேர அகற்றுவதே அவர் முறை. புற்றுநோய் ஒரு மையத்திலிருந்து வட்டம் வட்டமாகப் பரவுகிறது. ஆகவே வட்டத்தைப் பெரிதாக வெட்டினால் நோய் வேரோடு போகும் என்பது அவர் வாதம். வெட்டிய இடத்தில் நோய் மீளத் தோன்றுவது இம்முறையால் பெரிதும் குறைந்தது உண்மையே. ஆனால் பெண்கள் பிழைத்தார்களா? நோய் அக்குளை எட்டுமுன் வந்தவர்களிற் பலர் பிழைத்தனர், எட்டியபின் வந்தவர்களிற் பெரும்பாலோர் இறந்தனர் என்பதை ஹால்ஸ்டெட் பின்னர் வெளியிட்ட கணக்கே காட்டியது. கத்தியின் அகலத்திலும் காலத்தின் அளவே கூடுதலாகப் பேசியது. இருந்தும் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் இம்முறை கேள்வியின்றி ஆட்சி செலுத்தியது. தோள் கூனி, கை வீங்கி, விலாவெலும்புகள் தோலின் கீழ்த் தெரிய வாழ்ந்த பெண்கள் எண்ணற்றோர்.

எதிர்க்குரல் எழாமல் இல்லை. இலண்டனில் ஜெப்ரி கெயின்ஸ் என்பவர் 1920களில் கட்டியை மட்டும் அகற்றி ரேடியம் வைத்துச் சிகிச்சை செய்து, 1930களில் தம் முடிவுகளை வெளியிட்டார். பலன் பெரும் வெட்டுக்குக் குறைந்ததாக இல்லை. பொருளியலறிஞர் மேனாட் கெயின்சின் தம்பி இவர். ஆங்கிலக் கவிஞர் பிளேக்கின் கவிதைகளை ஆராய்ந்து பதிப்பித்த அறிஞரும் இவரே. பல்கலைக்கழகத்தில் பிளேக்கைப் படித்த நம் நண்பர்களிற் சிலர் அப்பதிப்பாசிரியர் ஒரு சத்திரசிகிச்சையாளர் என்று கேட்டு வியப்படைவர். அவருடைய சொல் அன்று அம்பலம் ஏறவில்லை.

இனித் தாமதம் என்ற கதைக்கு வருவோம். 1913இல் நியூயோர்க்கில் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுச் சங்கம் ஒன்று மருத்துவர்களாலும் வசதி படைத்தோராலும் தொடங்கப்பட்டது. 1936இல் அச்சங்கம் பெண்களைக் கொண்டு ஒரு தொண்டர் படையையே திரட்டியது. சீருடையும் பதவிப் பெயர்களும் இராணுவத்தைப் போன்றே அமைந்தன. "காலந்தாழ்த்தாதே" என்பதே அவர்களின் செய்தி. நோயின் பெயரை உரத்துக் கூறவும் கூசிய சமூகத்தில் அதனை வீடுவீடாகக் கொண்டுசென்ற அப்பெண்களின் தொண்டை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அச்செய்தியின் மறுபக்கம் கொடியது. நோயால் இறந்தவள் தாமதித்தவள் என்றும், தாமதித்தவள் குற்றவாளி என்றும் ஒரு கருத்து அதனோடு ஒட்டி வளர்ந்தது. காசில்லாதவளும், பிள்ளைகளை விட்டுப் போக வழியில்லாதவளும், முதலிற் பார்த்த மருத்துவராலேயே "ஒன்றுமில்லை" என்று திருப்பியனுப்பப்பட்டவளும் இக்கணக்கில் ஒன்றாகவே எண்ணப்பட்டனர்.

இதே காலத்தில் இங்கிலாந்தில் ஒரு பெண் வேறு வழியிற் சிந்தித்தார். ஜனெற் லேன்-கிளேபன் என்னும் மருத்துவர், சுகாதார அமைச்சுக்காக 1926இல் ஓர் ஆய்வறிக்கை சமர்ப்பித்தார். மார்பகப் புற்றுநோயுற்ற 500 பெண்களையும் அந்நோய் இல்லாத 500 பெண்களையும் அருகருகே நிறுத்தி, அவர்களின் திருமணம், மகப்பேறு, பாலூட்டல், தொழில் ஆகியவற்றை ஒரே வினாத்தாள் கொண்டு விசாரித்தார். பிள்ளைப்பேறு இல்லாமை, காலந்தாழ்ந்த முதற்பேறு, குறைந்த பாலூட்டல் ஆகியவற்றோடு இந்நோய்க்குள்ள தொடர்பு இவ்வாறு எண்ணிக்கையாக வெளிப்பட்டது. இன்று உலகெங்கும் நோய்க் காரணங்களை ஆராயப் பயன்படும் ஒப்பீட்டு முறைக்கு இதுவே முன்மாதிரி என்பர். 1928இல் சத்திரசிகிச்சை பெற்ற பெண்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்து, தொடக்க நிலையிற் சிகிச்சை பெற்றவர்களே நீண்ட காலம் வாழ்கின்றனர் என்பதையும் அவர் காட்டினார். அடுத்த ஆண்டு அவர் மணம் புரிந்துகொண்டார். அத்தோடு அவரது ஆராய்ச்சி வாழ்வும் முடிவுற்றது. முறையைக் கண்டவரின் பெயர் நெடுங்காலம் எவருக்கும் தெரியாதிருந்தது.

கையால் உணரமுடியாத கட்டியைக் கண்ணாற் காணும் முயற்சியின் கதை இதனினும் துயரமானது. பேர்லினைச் சேர்ந்த அல்பேட் சலமோன் என்ற சத்திரசிகிச்சையாளர், அகற்றப்பட்ட ஏறத்தாழ 3000 மார்பகங்களை எக்ஸ் கதிரின் கீழ் வைத்துப் படம்பிடித்து 1913இல் தம் ஆய்வை வெளியிட்டார். புற்றுநோய் எவ்விதம் பரவுகிறது என்பதைப் படத்திற் காணலாம் என்று நிறுவியவர் அவர். அவர் யூதர். 1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் அவருடைய பதவி பறிபோனது. 1938இல் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். விடுபட்டு ஒல்லாந்துக்கு ஓடி ஒளிந்து உயிர் தப்பினார். அவருடைய ஒரே மகளான ஓவியர் சார்லொட் சலமோன், தம் வாழ்வை நூற்றுக்கணக்கான ஓவியங்களிற் பதிந்துவைத்துவிட்டு 1943இல் ஓஷ்விற்சில் கொல்லப்பட்டார். உயிர் காக்கும் ஓர் அறிவு முளைத்த இடத்திலேயே அதனை மிதித்தழித்தது பாசிசம். அம்முயற்சி வேறு நாடுகளில் மெல்ல மீண்டும் தலையெடுக்கப் பல ஆண்டுகள் சென்றன. விஞ்ஞானம் அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று மேடைகளிற் பேசுவோர் சலமோனின் கதையை ஒருமுறை படித்தல் நன்று.

1963 டிசம்பரில் நியூயோர்க்கில் முதலாவது பெரும் பரிசோதனை தொடங்கியது. நகரசபை ஊழியர்களை முதன்மையாகக் கருதி 1940களில் உருவான சுகாதாரக் காப்புறுதித் திட்டம் ஒன்றில் பதிவுபெற்ற, 40 முதல் 64 வயது வரையான ஏறத்தாழ 62,000 பெண்கள் இரு பகுதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்கு ஆண்டுதோறும் எக்ஸ் கதிர்ப் படமும் மருத்துவரின் கைப் பரிசோதனையும் வழங்க ஏற்பாடு செய்யப்பட்டது. நடத்தியவர்களுள் ஒருவரான பிலிப் ஸ்ட்ராக்ஸ் தம் மனைவியை இந்நோய்க்குப் பறிகொடுத்தவர். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது அழைக்கப்பட்ட பகுதியில் இந்நோயால் நேர்ந்த மரணம் ஏறத்தாழ 30 வீதம் குறைந்திருந்தது. ஒரு சிறு செய்தியை இங்கு கவனிக்கவேண்டும். தொழிலாளருக்கான கூட்டுக் காப்புறுதி இருந்தமையாலேயே அத்தனை ஆயிரம் பெண்களின் பதிவேடுகள் ஒரே இடத்தில் இருந்தன. கட்டி கண்டால் சிகிச்சையும் தயாராக இருந்தது.

கண்டபின் என்ன நடந்தது என்பதே அடுத்த போராட்டம். 1970கள் வரை அமெரிக்காவில் கட்டியுடன் வரும் பெண்ணை மயக்கிக் கிடத்தி, சிறு துண்டை வெட்டிச் சோதித்து, புற்றுநோயெனக் கண்டால் அம்மயக்கத்திலேயே மார்பகம் முழுவதையும் அகற்றிவிடுவர். கண்விழிக்கும்போது தன் மார்பைத் தடவிப் பார்த்தே அவள் தன் நோயை அறியவேண்டும். 1974இல் ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் இதற்கு இணங்க மறுத்தார். சோதனையை முதலிற் செய்யுங்கள், முடிவை நான் எடுக்கிறேன் என்று அவர் கூறியபோது சத்திரசிகிச்சையாளர் பலர் அவரைத் திருப்பியனுப்பினர். அவர் ஓயவில்லை, நூலெழுதினார், கூட்டங்களிற் புகுந்து கேள்வி கேட்டார். 1979இல் அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு, சோதனையும் சிகிச்சையும் இரு படிகளாக நடைபெறவேண்டும் என்று முடிவு செய்தது. அக்குழுவில் குஷ்னரும் அமர்ந்திருந்தார். ஹால்ஸ்டெட்டின் கொள்கையை அறிவியல் முறையில் வீழ்த்தியவர்கள் மிலானில் வெரோனேசியும் பிற்ஸ்பேர்க்கில் பேர்னாட் பிஷரும். கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளிப்பதும் முழு மார்பகத்தையும் அகற்றுவதும் உயிர் காப்பதில் ஒன்றே என்று 1981இலும் 1985இலும் வெளியான அவர்களுடைய ஆய்வுகள் நிறுவின. ஆனால் இந்தச் சிறிய வெட்டு சிறிய கட்டிக்கே உரியது. ஆகவே முன்னரே வருபவள் உயிரோடு உறுப்பையும் காத்துக்கொள்ள இயலும் என்ற நிலை ஏற்பட்டது. அச்சத்தால் ஒளிந்துகொண்டிருந்த பெண் வெளியே வருவதற்கு, பயமுறுத்தும் சுவரொட்டிகளிலும் இது பெரிய காரணமன்றோ?

சோசலிச நாடுகளின் அனுபவத்தை அறிய விரும்பும் வாசகர்க்கு ஷங்காய் நகரின் ஆய்வு பயன்தரும்; எதிர்பாராத பாடத்தையும் தரும். 1989 முதல் 519 நெசவு முதலிய ஆலைகளோடு தொடர்புடைய 266,064 பெண்கள் அதில் இடம்பெற்றனர். பாதிப் பேருக்குத் தம் மார்பகத்தைத் தாமே சோதிக்கும் முறை கற்பிக்கப்பட்டு, மேற்பார்வையிற் பயிற்சியும் பலமுறை அளிக்கப்பட்டது. 2002இல் வெளியான முடிவின்படி பயிற்சி பெற்றோரில் 135 பேரும் பெறாதோரில் 131 பேரும் இந்நோயால் இறந்திருந்தனர். வேறுபாடு இல்லை என்றே கூறவேண்டும். தீங்கற்ற கட்டிகள்தாம் அதிகம் வெட்டியெடுக்கப்பட்டன. இரு பகுதியினருக்கும் ஆலைகளின் வைத்திய நிலையங்கள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன என்பதை மறக்கலாகாது. மாதந்தோறும் கண்ணாடி முன் நின்று ஒரு சடங்கைச் செய்துவந்தால் போதும், உயிர் தப்பும் என்ற எளிய நம்பிக்கை இங்கு உடைந்தது. இன்று மருத்துவர் வேண்டுவது வேறு: தன் மார்பின் இயல்பைப் பெண் அறிந்திருக்கட்டும், மாற்றம் கண்டால் வரட்டும், வரும் வழி திறந்திருக்கட்டும்.

நமக்கு மிக நெருங்கிய சான்று மும்பாயிலிருந்து கிடைக்கின்றது. 1998இல் அந்நகரின் சேரிகளில் 35 முதல் 64 வயது வரையான ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பெண்களிடையே டாட்டா நினைவு வைத்தியசாலை ஓர் ஆய்வைத் தொடங்கியது. எக்ஸ் கதிர் இயந்திரம் எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர் இரண்டாண்டுக்கு ஒருமுறை வந்து கையாற் சோதித்தனர். இருபதாண்டு கழித்து 2021இல் வெளியான முடிவு வருமாறு: சோதிக்கப்பட்டோரில் முற்றிய நிலையிற் கண்டறியப்பட்டவர் 37 வீதம், ஏனையோரில் 47 வீதம். ஐம்பதும் அதற்கு மேலும் வயதுடைய பெண்களிடையே மரணம் ஏறத்தாழ 30 வீதம் குறைந்தது. அதற்குக் கீழ்ப்பட்ட வயதினரிடையே மரணம் குறைந்ததாகத் தெரியவில்லை. வறிய நாடுகளுக்கு இதனிலும் பெறுமதியான செய்தி வேறில்லை எனலாம். செல்வ நாடுகளின் எக்ஸ் கதிர்த் திட்டத்திலும் இழப்பு உண்டு. 2012இல் மைக்கேல் மாமொட் தலைமையிற் கூடிய பிரித்தானியக் குழு, ஒரு மரணத்தைத் தடுக்கும்போது ஒருபோதும் தொல்லை தந்திராத நோய்க்காக மூன்று பெண்கள் சிகிச்சைக்கு உட்படுகின்றனர் என்று மதிப்பிட்டது.

இளஞ்சிவப்பு நாடாவைப் பற்றியும் ஒரு சொல். ஒக்டோபர் மாதத்தை விழிப்புணர்வு மாதமாகக் கொண்டாடும் வழக்கம் 1985இல் அமெரிக்காவில் தொடங்கியபோது அதன் பின்னால் நின்றவர்களுள் ஒருவர், இந்நோய்க்கான மருந்தைத் தயாரித்த கம்பனி. சார்லொட் ஹேலி என்ற பெண் வீட்டிலிருந்தபடி பீச் நிற நாடாக்களைத் தைத்து, அரசு புற்றுநோய்த் தடுப்புக்குக் கூடுதற் பணம் ஒதுக்கவேண்டும் என்ற கோரிக்கையோடு வழங்கிவந்தார். முகப்பூச்சுக் கம்பனி ஒன்றும் மகளிர் சஞ்சிகை ஒன்றும் அதனைக் கேட்டபோது வியாபாரமாகும் என்று மறுத்தார். 1992இல் அவர்கள் நிறத்தை மாற்றிக்கொண்டனர். கோரிக்கை உதிர்ந்தது, நாடா எஞ்சியது. இன்று நம் பாடசாலைகளிலும் ஒக்டோபரில் பிள்ளைகளின் சட்டைகளில் அந்நாடாவைக் குத்துகின்றோம். குத்தும் ஆசிரியரிற் பலர், சுகாதாரப் பாடநூலில் அந்நோய்க்குரிய பக்கம் வரும்போது "வீட்டிலே வாசியுங்கள்" என்று கடந்து செல்வதையும் நாம் அறிவோம். பாதாதிகேச வருணனையில் மார்பகத்துக்கு உவமை தேடி மலையையும் குடத்தையும் அலசிய புலவர் பரம்பரை நம்முடையது. அதே உறுப்புக்கு நோய் வந்தால் "நெஞ்சிலே ஒரு கட்டி" என்கிறோம். நோயையோ "அந்த வருத்தம்" என்று பெயர் சொல்லாமல் விடுகின்றோம்.

பெயர் சொல்லத் துணிந்தவரும் நம்மிடையே இருந்தனர். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தை நிறுவினார். இலங்கையிலோ மகரகமை நெடுங்காலம் நோயின் மறுபெயராகவே ஒலித்தது. 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நாட்டின் நீளம் முழுவதும் நடந்தவர்கள் திரட்டிய பணம், தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழ உதவியது.

இங்கும் பெண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கே. ஏறத்தாழ நான்கில் ஒன்று. வலியற்ற கட்டி, தோல் குழிவிழுதல் அல்லது தோடம்பழத் தோல்போலாதல், முலைக்காம்பு உள்ளிழுத்தல், அதிலிருந்து இரத்தம் கசிதல், அக்குளில் திரட்சி ஆகியன அடையாளங்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனால் அதைச் சொல்லவேண்டியவர் மருத்துவரே. வலி இல்லை என்பதற்காகக் காத்திருப்போர் பலர். தொடக்கத்தில் வலி இல்லாதிருப்பதே இந்நோயின் வஞ்சம்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய திட்டம், கட்டியோடு பெண் வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் நிர்ணயம் முடியவேண்டும் என்று இலக்கு வைத்துள்ளது. செல்வ நாடுகளில் நோய் கண்ட பெண்களுள் 90 வீதத்துக்கு மேற்பட்டோர் ஐந்தாண்டு வாழ்கின்றனர், இந்தியாவில் 66 வீதம், தென்னாபிரிக்காவில் 40 வீதம் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. தாமதத்தை நாட்களில் அளக்கத் தொடங்கி, அதன் பொறுப்பைச் சுகாதார அமைப்பின் மேல் வைத்தமை பெரும் மாற்றமாகும்.

நம் நாட்டிலே 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெற்று வருகின்றன. 35 வயதான பெண் அங்கு சென்றால் இலவசமாக மார்பகப் பரிசோதனையும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம். கிளினிக் கூடுவதோ வேலை நாளில். மலையகத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவளுக்கு அன்று ஒரு நாட்பேர் போய்விடும்; வன்னியிற் கூலி வேலை செய்பவளுக்கும் அவ்வாறே. குடும்பநல உத்தியோகத்தர் நம் கிராமங்களில் வீடு வீடாக வருகிறார். மும்பாயில் ஆய்வுக்கென உருவாக்கவேண்டியிருந்த பணியாளர் படை நம்மிடம் ஏற்கெனவே உண்டு. ஆயினும் அவருடைய பணி கருவுற்ற தாய்மாரையும் சிறு குழந்தைகளையும் சுற்றியே அமைந்தது. கையாற் சோதித்ததால் உயிர் தப்பியவர் என்று மும்பாய் காட்டிய, ஐம்பது வயது கடந்த தாய்மார், பேரக்குழந்தையின் நிறையை அளக்க அவர் வீட்டுக்கு வரும்போது தராசைப் பிடித்துக்கொண்டு அருகிலேயே நிற்கின்றனர்.